ஃப்ரீ செய்வது யார் பொறுப்பு? சி புரோகிராம்களில் நினைவகக் கசிவு: ஓர் ஆய்வு

1992 நவம்பர் 4, அதிகாலை 2 மணி தாண்டியதும் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி மந்தமாகி, சற்று நேரத்தில் அடியோடு நின்றுபோனது. திரும்ப இயக்கிப் பார்த்தும் பயனில்லை; வண்டிகளை அனுப்பும் வேலை காகிதத்துக்கே திரும்பியது. விசாரணைக் குழு கண்ட காரணம் மிகச் சிறியது. சுமார் மூன்று வாரத்துக்கு முன் ஒரு புரோகிராமர் ஏதோ வேலை செய்துவிட்டு, கவனக்குறைவாக விட்டுப்போன சில வரிகள். வண்டி ஒன்று அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அவை சர்வரின் நினைவகத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டன. திருப்பிக் கொடுக்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, மூன்று வாரத்தில் இடம் முழுக்கத் தீர்ந்தது.

எந்த மொழியிலும் இது நடக்கலாம். ஆனால் எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தரும் வேலையை முழுக்கப் புரோகிராமர் தலையில் சுமத்தும் மொழிகளில் இன்றும் அதிகம் புழங்குவது சி. லினக்ஸ் கெர்னல், போஸ்ட்கிரஸ், எஸ்கியூலைட், கர்ல், பைத்தானின் உட்பகுதி எல்லாமே சி. அங்கே கசிவைப் பிடிக்கவும் தடுக்கவும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உருவான முறைகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: கருவிகள் பெரும்பாலும் ஒரு நினைவகத் துண்டு பிறந்த இடத்தைத்தான் சொல்கின்றன, அது எங்கே, யார் கையால் முடிந்திருக்க வேண்டும் என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை. அந்த முடிவைக் குறியீடு எழுதும்போதே எடுத்தவர்களுக்குத்தான் கருவிகள் முழுப் பயன் தருகின்றன.

எது கசிவு, எது இல்லை

சி-யில் மாலாக், காலாக், ரீஅலாக் மூன்றில் ஒன்று ஹீப்பில் இடம் ஒதுக்கி முகவரியைக் கொடுக்கும். ஃப்ரீ அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். நடுவில் அந்த முகவரியை வைத்திருந்த கடைசிப் பாயின்டரும் அழிந்துவிட்டால், இனி அந்த இடத்தைப் பயன்படுத்தவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. இதுதான் பாடப்புத்தகக் கசிவு. பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் இதற்கு 401 என்ற எண் உண்டு.

இரண்டாவது வகை இதைவிடச் சூட்சுமமானது. பாயின்டர் இருக்கிறது, புரோகிராமுக்கு இனி அந்தத் தரவு தேவையில்லை. உச்ச அளவு வைக்காத கேஷ், உறுப்பினர் போன பிறகும் பெயரை நீக்காத பட்டியல் ஆகியவை இந்த ரகம். பாயின்டர் உள்ளதா என்று மட்டும் பார்க்கும் கருவிக்கு இங்கே குற்றமே தெரியாது.

மூன்றாவதாக, கசிவு போலத் தோன்றி கசிவாக இல்லாதவை. ஒரு புரோகிராம் முடியும்போது இயங்குதளம் அதன் நினைவகம் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனவே அரை நொடி ஓடி முடியும் ஒரு சிறு கருவி எதையுமே ஃப்ரீ செய்யாவிட்டாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. டி மொழியின் டிஎம்டி கம்பைலர், வேகத்துக்காக நினைவகத்தை விடுவிக்காமலே ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. இன்னொரு மயக்கம், ஃப்ரீ செய்தும் குறையாத நினைவகம். ஜிலிப்சி சிறு துண்டுகளை உடனே இயங்குதளத்திடம் ஒப்படைப்பதில்லை; அடுத்த மாலாக்குக்காகத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பல திரெடுகள் ஓடும் புரோகிராமில் அது தனித்தனிக் களங்களைத் திறக்கிறது. 64-பிட் கணினியில் கோர் ஒன்றுக்கு 8 வரை. துண்டுதுண்டாகச் சிதறிய இடம் சேர்ந்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கசிவு போலவே காட்சி தரும். மாலாக்_டிரிம் என்ற ஃபங்ஷனை ஒருமுறை அழைத்துப் பார்த்து, நினைவகம் சட்டென்று இறங்கினால், தேட வேண்டியது வேறு நோய்.

நீண்ட நாள் ஓடும் சர்வர் என்றால் கணக்கு எப்படிப் போகும்? கோரிக்கை ஒன்றுக்கு 100 பைட் கசிகிறது, நொடிக்கு 200 கோரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20,000 பைட். பத்து நிமிடச் சோதனையில் அது 12 எம்பி. யார் கண்ணிலும் படாது. ஒரு நாளில் 1.7 ஜிபி. லினக்ஸில் நினைவகம் தீர்ந்ததும் கெர்னல் ஏதோ ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். கொல்லப்படுவது கசியவிட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்தில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸாகவும் இருக்கலாம்.

ஓடவிட்டுப் பிடித்தல்

கசிவைப் பிடிக்கும் முதல் வெற்றிகரமான வணிகக் கருவிகளில் ஒன்று பியூரிஃபை. ரீட் ஹேஸ்டிங்ஸும் பாப் ஜாய்ஸும் 1992-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அதை விவரித்தார்கள். இந்த ஹேஸ்டிங்ஸ்தான் பின்னாளில் நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். பியூரிஃபை மூலக் குறியீட்டைத் தொடவில்லை. கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள்ளேயே சோதனைக் கட்டளைகளைச் செருகியது. கசிவைப் பிடிக்க அது கையாண்ட உத்தி இன்றுவரை மாறவில்லை: குளோபல் மாறிகள், ஸ்டாக், ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் வருடி, ஹீப்பில் உள்ள ஏதேனும் துண்டின் முகவரி போலத் தோன்றும் எண்ணைத் தேடு, கிடைத்த துண்டுக்குள்ளும் அதே போலத் தேடு, கடைசிவரை யாராலும் எட்டப்படாத துண்டே கசிவு. ஹான்ஸ் போம், மார்க் வைசர் இருவரும் 1988-இல் சி-க்காக எழுதிய குப்பை சேகரிப்பானின் அடிப்படையும் இதுதான். அதைக் கசிவு காட்டியாகவும் பயன்படுத்தலாம்.

2002-இல் ஜூலியன் சீவர்ட் வெளியிட்ட வால்கிரைண்ட் இதை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அதன் மெம்செக் பகுதி புரோகிராமின் எந்திரக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி, ஒரு செயற்கைச் செயலியில் ஓட்டுகிறது. திரும்பக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. விலையாக வேகம் போகும். 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும் என்று அதன் கையேடே சொல்கிறது.

மெம்செக் தரும் அறிக்கையைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஓர் எண்ணும் அடுத்ததற்கான பாயின்டரும் கொண்ட, 64-பிட் கணினியில் 16 பைட் பிடிக்கும் கணுக்களால் ஆன தொடர்பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 கணுக்கள். தலைக்கணுவின் பாயின்டர் மட்டும் தொலைந்துவிட்டது. மெம்செக் இதை 1,600 பைட் கசிவு என்று பதிவு செய்து, 16 பைட் நேரடி, 1,584 பைட் மறைமுகம் எனப் பிரித்துக் காட்டும். தலைக்கணு உறுதியாகத் தொலைந்தது. மற்ற 99-உம் அதன் பின்னே போனவை. புதிதாக வருபவர்கள் பெரிய எண்ணைப் பார்த்து மறைமுகக் கணுக்களில் தேடத் தொடங்குவார்கள். தேட வேண்டியது அந்த 16 பைட்டை. தலையிலிருந்து பட்டியலை முறைப்படி விடுவித்தால் வால் தானே சரியாகும். இவை தவிர, துண்டின் தொடக்கத்துக்கு இல்லாமல் நடுவில் எங்கோ சுட்டும் பாயின்டர் மட்டும் மிச்சமிருந்தால் 'தொலைந்திருக்கலாம்' என்றும், ஓட்டம் முடியும்போது யாரோ சுட்டிக்கொண்டிருந்தால் 'இன்னும் எட்டத்தக்கது' என்றும் வகைப்படுத்தும். கடைசி வகையைப் பலர் கண்டுகொள்வதில்லை. மேலே சொன்ன இரண்டாம் வகைக் கசிவு ஒளிந்துகொள்வது அங்கேதான்.

கூகுள் பொறியாளர்கள் 2012-இல் அறிவித்த அட்ரஸ்சானிட்டைசர் வேறு வழியில் போனது. சோதனைகளைக் கம்பைலரே சேர்த்துவிடுகிறது. ஓட்ட நேரம் சராசரியாக 73 விழுக்காடுதான் கூடியது. அதோடு சேர்ந்து வரும் லீக்சானிட்டைசர், புரோகிராம் முடியும் நேரத்தில் ஒரே ஒருமுறை ஹீப்பை வருடுகிறது; அதுவரை ஓட்டத்துக்கு ஏறக்குறைய எந்தச் சுமையும் இல்லை. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் போதும் என்பதால், இன்று தானியங்கிச் சோதனைகளில் இதுவே முதல் தேர்வு. டீபக்கருக்குள் ஓட்டினால் மட்டும் வேலை செய்யாது. லினக்ஸ் கெர்னலுக்குள் இதே வருடல் உத்தியைக் கேட்டலின் மரினாஸின் கேமெம்லீக் கொண்டுவந்தது. 2009-இல் வந்த 2.6.31 பதிப்பிலிருந்து அது உண்டு. இயக்கிவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கெர்னலின் நினைவகத்தைச் சுற்றிவரும்.

வருடல் உத்திக்குப் பொதுவான குறை இரண்டு. சி-யில் எண்ணுக்கும் முகவரிக்கும் நினைவகத்தில் வேறுபாடு கிடையாது. தற்செயலாக முகவரி போல அமைந்த ஓர் எண் உண்மையான கசிவை மறைத்துவிடும். மறுபுறம், பாயின்டரின் கடைசி பிட்டுகளில் குறிப்பு ஒளித்துவைக்கும் குறியீட்டில் உயிரோடு இருக்கும் துண்டையும் கசிவு என்று அது தவறாகக் காட்டக்கூடும்.

ஓட்டாமலே பிடித்தல்

மூலக் குறியீட்டைப் படித்து மட்டும் கசிவு சொல்லும் கருவிகள் அடுத்த அணி. கவரிட்டி வணிக உலகில் நெடுநாளாக இருப்பது. கிளாங்கின் பகுப்பாய்வி, 2015-இல் ஃபேஸ்புக் திறந்துவிட்ட இன்ஃபர், 2020-இல் வந்த ஜிசிசி 10-இன் பகுப்பாய்வி ஆகியவை இலவசம். இவை ஒரு ஃபங்ஷனுக்குள் செல்லக்கூடிய பாதைகளை ஒவ்வொன்றாக மனத்தில் நடந்து பார்த்து, இந்த இஃப் உண்மையாகி, அந்த மாலாக் வெற்றி பெற்று, இங்கே ரிட்டர்ன் ஆனால் பஃபர் தொலைகிறது என்று படிப்படியாக வழி காட்டும். யாரும் ஒருபோதும் ஓட்டிப் பார்க்காத பாதையையும் காட்டுவதே இவற்றின் பலம்.

பலவீனம் அடிப்படையானது. ஒரு புரோகிராம் நிற்குமா என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது என்று 1936-இலேயே ஆலன் டூரிங் நிறுவிவிட்டார். எல்லாக் கசிவையும் சொல்லி, தவறாக ஒன்றும் சொல்லாத பகுப்பாய்வி அதனாலேயே சாத்தியமில்லை. நடைமுறையில் இவை ஒரு ஃபைலுக்குள் கூர்மையாகவும், பல ஃபைல்கள், ஃபங்ஷன் பாயின்டர்கள் வழியே பாயின்டர் கைமாறும்போது மங்கலாகவும் பார்க்கின்றன.

தோல்வி வழியில் நடக்கும் கசிவு

ஓடவிட்டுப் பிடிக்கும் கருவிகளுக்கு எல்லாம் ஓர் எல்லை உண்டு: ஓடிய பாதையில் நடந்ததுதான் தெரியும். கசிவுகளோ பெரும்பாலும் யாரும் போகாத பாதையில் குடியிருப்பவை.

ஓர் அமைவு ஃபைலைப் படிக்கும் ஃபங்ஷனைப் பாருங்கள். முதலில் ஃபைலைத் திறக்கிறது. பிறகு மாலாக்கில் பஃபர் வாங்குகிறது. படித்த பெயரை ஸ்டர்டூப்பில் நகல் எடுக்கிறது. கடைசியில் போர்ட் எண் சரியா என்று பார்க்கிறது. எண் தவறு என்றால் மைனஸ் ஒன்றைத் திருப்பிவிட்டு வெளியேறுகிறது. அந்த ஒரு ரிட்டர்னில் பெயரின் நகல், பஃபர், திறந்த ஃபைல் மூன்றும் போய்விட்டன. எல்லாம் சரியாக நடக்கும் பாதையின் இறுதியில் மூன்றும் அழகாக விடுவிக்கப்பட்டிருக்கும். ரீஅலாக்கில் இன்னும் நுணுக்கம் உண்டு. பழைய பாயின்டரிலேயே விடையை வாங்கிக்கொள்ளும் வரி எத்தனையோ குறியீட்டில் இருக்கிறது. ரீஅலாக் தோற்றால் நல் கிடைக்கும். பழைய துண்டு விடுவிக்கப்படாமல் அப்படியே இருக்கும். அதன் ஒரே முகவரியை அந்த வரி நல்லால் அழித்திருக்கும். விடையைத் தற்காலிகப் பாயின்டரில் வாங்கி, சரிபார்த்து, பிறகு மாற்றுவதே முறை.

2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் மேகச் சேவையில் ஏற்பட்ட தடங்கல் இதே கதையின் பெரிய வடிவம். பழுதான ஒரு தரவு சேகரிப்பு சர்வருக்குப் பதில் புதியது வைக்கப்பட்டது. புது முகவரி எல்லா டிஎன்எஸ் சர்வர்களுக்கும் போய்ச் சேரவில்லை. சேமிப்பு சர்வர்கள் சிலவற்றில் இருந்த ஏஜென்ட் இல்லாத இடத்தையே திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயன்றது. தோற்ற இணைப்பைக் கையாளும் பகுதியில் அதுவரை யாரும் அறியாத கசிவு ஒன்று இருந்தது. இணைப்பு கிடைத்தவரை அது தூங்கியது. கிடைக்காதபோது விழித்து சர்வர்களின் நினைவகத்தைத் தின்றது. கண்காணிப்பு இருந்தும் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்று அந்நிறுவனத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

இதற்கு மருந்து, தோல்வியை வேண்டுமென்றே வரவழைப்பது. எஸ்கியூலைட் குழு தங்கள் மாலாக்குக்குப் பதிலாக, குறிப்பிட்ட அழைப்பில் தோற்கும் போலி ஒன்றை வைக்கிறது. முதல் அழைப்பு தோற்கும்படி சோதனையை ஓட்டு, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது, ஒரு தோல்வியும் நேராமல் சோதனை முழுதாக முடியும்வரை. இதே சுற்றை, ஒருமுறை மட்டும் தோற்பதாகவும், தோற்கத் தொடங்கினால் தொடர்ந்து தோற்பதாகவும் இருமுறை செய்கிறார்கள். கர்ல் திட்டத்தின் சித்திரவதைச் சோதனையும் இதே முறைதான்; தோற்கக்கூடிய அழைப்புகளை எண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றையும் முறைவைத்துத் தோற்கடித்து, ஏதாவது கசிந்ததா என்று பார்க்கிறது. லீக்சானிட்டைசரை வெறும் சோதனைகளோடு ஓட்டுவதற்கும் இப்படிப்பட்ட சோதனைகளோடு ஓட்டுவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

லைவ் சர்வரில்

20 மடங்கு மந்தமாக்கும் கருவியை வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் ஓட்ட முடியாது. அங்கே மாதிரி எடுப்பதே வழி. ஜேஇமாலாக்கின் புரோஃபைலர், அமைப்பை மாற்றாவிட்டால், சராசரியாக 512 கேபி ஒதுக்கீட்டுக்கு ஒருமுறை மட்டும் யார் கேட்டார்கள் என்று அழைப்பு வரிசையைக் குறித்துக்கொள்கிறது. மாலையில் எடுத்த படத்திலிருந்து காலையில் எடுத்ததைக் கழித்தால், வளர்ந்துகொண்டே போகும் இடம் தனியே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தாமலே மாலாக், ஃப்ரீ அழைப்புகளைக் கெர்னல் வழியே கவனிக்கும் பிசிசி தொகுப்பின் மெம்லீக் கருவியும் உண்டு. ஹவுஸ்விர்த், சிலிம்பி இருவரும் 2004-இல் முன்வைத்த ஸ்வாட் இன்னொரு கேள்வியைக் கேட்டது: இந்தத் துண்டை யாரும் தொட்டு எவ்வளவு நேரம் ஆகிறது? நெடுநேரம் தொடப்படாதது கசிவாக இருக்கலாம். பாயின்டர் இருந்தும் பயனில்லாமல் கிடக்கும் இரண்டாம் வகையை நெருங்கும் முறை இதுதான். 5 விழுக்காட்டுக்கும் குறைந்த சுமையில் அதைச் சாதித்தார்கள்.

உரிமையை எழுதிவைத்தல்

இனி தடுப்பு. மேலே சொன்ன கருவிகளில் பெரும்பாலானவை கசிந்த துண்டை ஒதுக்கிய வரியைக் காட்டும். அந்த வரியில் தவறு இருப்பதில்லை. தவறு, இல்லாத ஒரு ஃப்ரீயில் இருக்கிறது. அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம் சார்ந்த கேள்வி. கல்யாண வீட்டில் வாடகைப் பாத்திரத்தை எல்லோரும் எடுத்துப் புழங்குவார்கள். கடையில் திருப்பிக் கொடுக்க ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அண்டா ஒன்று குறையத்தான் செய்யும்.

ஆகவே முதல் விதி: ஒரு துண்டுக்கு எந்த நேரத்திலும் உரிமையாளர் ஒருவரே. ஒரு ஃபங்ஷன் பாயின்டரைத் திருப்பினால், வாங்குபவர் விடுவிக்க வேண்டுமா, பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டுமா என்பது அறிவிப்பிலேயே தெரிய வேண்டும். விடுவிக்கக் கூடாத சரத்தை கான்ஸ்ட் என்று அறிவிப்பது எளிய அடையாளம். உருவாக்கும் ஃபங்ஷன் ஒன்று எழுதினால் அதே கையோடு அழிக்கும் ஃபங்ஷனையும் எழுதுவது இன்னொரு நல்ல பழக்கம். பைத்தானின் சி இடைமுகம் இதை முறையாகவே செய்கிறது. அதன் ஆவணம் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அது தருவது புதிய ரெஃபரன்ஸா, இரவல் ரெஃபரன்ஸா என்று குறிப்பிடுகிறது. ஒரே பட்டியலின் ஒரே உறுப்பை ஒரு வழியில் எடுத்தால் இரவல். பொதுவான வரிசை ஃபங்ஷன் வழியாக எடுத்தால் புதியது, ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைக் குறைக்கும் கடமை எடுத்தவருடையது. இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் இந்த வேறுபாட்டில் இடறுபவர்கள் உண்டு என்றால், எழுதாத லைப்ரரிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வெளியேறும் வாசலை ஒன்றாக்குவது. கோடூ கெட்டது என்று கல்லூரியில் சொல்லித் தருகிறோம். லினக்ஸ் கெர்னலின் குறியீட்டு நடை ஆவணம் இந்த ஓர் இடத்துக்கு அதையே பரிந்துரைக்கிறது. ஃபங்ஷனின் அடியில் அடையாளங்கள் வரிசையாக நிற்கும்; வாங்கியதற்குத் தலைகீழான வரிசையில் ஒவ்வொன்றும் ஒன்றை விடுவிக்கும். எந்தப் படியில் தோற்றாலும் அதற்கான அடையாளத்துக்குத் தாவினால், அதுவரை வாங்கியவை மட்டும் விடுபடும். நமது அமைவு ஃபைல் ஃபங்ஷனில் மூன்று அடையாளங்கள் போதும்.

மூன்றாவது, அந்த வேலையைக் கம்பைலரிடமே விடுவது. மாறி தன் எல்லையைத் தாண்டும்போது குறிப்பிட்ட ஃபங்ஷன் தானே அழைக்கப்படும்படி செய்யும் கிளீனப் என்ற நீட்சி ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உண்டு. சிஸ்டம்டி இதை வெகுவாகப் பயன்படுத்துகிறது. 2023-இல் வந்த லினக்ஸ் 6.5-இலிருந்து கெர்னலும் இதற்கான மேக்ரோக்களைச் சேர்த்துக்கொண்டது. சி தரநிலையில் இது இல்லை என்பதால் எல்லாக் கம்பைலரிலும் கிடைக்காது.

கணக்கே வைக்காத வழிகள்

ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு வைப்பதே சுமை என்றால், துண்டுகளைக் கூட்டமாக நடத்தலாம். அப்பாச்சி வெப் சர்வர் கோரிக்கை ஒன்றுக்கு ஒரு குளம் திறக்கிறது. அந்தக் கோரிக்கைக்கு வேண்டிய எல்லாமே அதிலிருந்து வரும். பதில் அனுப்பியதும் குளம் மொத்தமும் வடிக்கப்படும். போஸ்ட்கிரஸில் நினைவகச் சூழல்கள் மரம் போல அமைந்தவை. ஒரு வினவலின் சூழலை அழித்தால் அதன் கிளைகள் அனைத்தும் அழியும். நடுவில் பிழை வந்து வேலை பாதியில் நின்றாலும் சுத்தம் செய்வது ஒரே செயல். சாம்பாவின் டிஆலாக் லைப்ரரியும் இந்த மர வழியில் வந்ததே. தோல்விப் பாதைகள் எத்தனை கிளைத்தாலும் விடுவிக்கும் இடம் ஒன்றுதான் என்பதே இதன் உண்மையான லாபம். ஆயுள் தெளிவாகத் தெரியும் வேலைக்கு இது பொருந்தும். நாள்கணக்கில் வாழும் குளத்தில் கோரிக்கைக் கணக்குத் தரவைப் போட்டால் பழைய கசிவே வேறு பெயரில் திரும்பும்.

இன்னும் கடுமையான வழி, ஓட்டத்தின்போது ஒதுக்காமலே இருப்பது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபில் பணியாற்றிய ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் வெளியிட்ட பத்து விதிகளில் மூன்றாவது, தொடக்க அமைப்பு முடிந்தபின் ஹீப்பில் ஒதுக்கீடு கூடாது என்கிறது. வாகனத் துறையில் பரவிய மிஸ்ரா சி 2012 விதிகள் மாலாக் குடும்பத்தையே விலக்குகின்றன. விண்கலத்துக்கும் பிரேக் கட்டுப்பாட்டுக்கும் இது சரி; பயனர் எவ்வளவு பெரிய ஃபைலைத் திறப்பார் என்று தெரியாத மென்பொருளுக்குப் பொருந்தாது.

மதிப்பீடு

இவற்றில் எதைத் தேர்வது? தினசரிச் சோதனைக்கு லீக்சானிட்டைசர். கம்பைல் செய்ய முடியாத பைனரிக்கும் நுணுக்கமான வகைப்பாட்டுக்கும் வால்கிரைண்ட். லைவ் சர்வருக்கு மாதிரி எடுக்கும் புரோஃபைலர். எட்டாத பாதைகளுக்கு மூலக் குறியீட்டுப் பகுப்பாய்வி. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்றின் குருட்டுப் பகுதியை மற்றொன்று பார்க்கிறது. ஆனால் முதலீட்டின் வரிசை முக்கியம். குழு ஒன்றுக்கு ஒரு வாரம்தான் கிடைக்கிறது என்றால், ஐந்தாவது கருவியை நிறுவுவதைவிட, மாலாக்கைத் தோற்கடிக்கும் சிறு உறை ஒன்றை எழுதி இருக்கும் சோதனைகளை அதனோடு ஓட்டுவது அதிகக் கசிவைப் பிடிக்கும். அதில் பிடிபட்டதைச் சரிசெய்யும்போது, ஃப்ரீயை எங்கே வைப்பது என்று இரண்டு பேர் விவாதிக்க நேர்ந்தால், அங்கே உரிமை எழுதப்படவில்லை என்று பொருள். அந்த இடத்தில் ஒரு ஃப்ரீயை மட்டும் சேர்த்து நகர்ந்தால், அடுத்து வருபவர் தன் பங்குக்கு இன்னொரு ஃப்ரீயைச் சேர்ப்பார். ஒரே துண்டு இருமுறை விடுவிக்கப்படும். கசிவாக இருந்தது பாதுகாப்பு ஓட்டையாக மாறும். எனவே ஒவ்வொரு கசிவுத் திருத்தமும் இரண்டு மாற்றங்களோடு வர வேண்டும்: குறியீட்டில் ஒரு ஃப்ரீ, ஹெடர் ஃபைலில் யார் விடுவிப்பது என்ற ஒரு வரி. இரண்டாவது இல்லாமல் வரும் திருத்தத்தை மதிப்பாய்வில் திருப்பி அனுப்பலாம்.